மாப்ள இன்னும் சாப்பிடலை

வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் பார்க்கிற தொழில் என்று எங்கள் தொழிலுக்குப் பெயர். ஆனால் நாள் முழுக்க நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த ஜீவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் வாயைத்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் ஒரு வாடகை அறையில் உட்காருவேன். மாடு, ஆடு, நாய், பூனை என்றுதான் ஆரம்பித்தேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் பால் பைத்தானோடு வந்து நின்றார். ஆப்பிரிக்கப் பக்கத்துக் குட்டை ரக மலைப்பாம்பு அது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால்தான் ஆங்கிலத்தில் 'பால்' என்று பெயர். விஷம் கிடையாது. அரசாங்கத்தில் பதிவு பண்ணிவிட்டு வீட்டில் வளர்க்கலாம். எனக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு கையில் வாங்கிப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு ஊரிலும் நான் பாம்பு டாக்டர்.

பாம்பு வைத்திருக்கிறவர்கள் யார் வந்தாலும் முதல் பேச்சு ஒன்றுதான்: "சாப்பிட மாட்டேங்குது சார்." பாம்பு இல்லாதவர்கள் சிரிக்க வேண்டாம். சாப்பிட மறுக்கிற பிள்ளையோ புருஷனோ மாமியாரோ வீட்டில் இருந்து, தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தவர் என்றால் நீங்களும் என் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பால் கிண்ணம்

சிதம்பரத்தில் ரிட்டயரான ஒரு ஹெட் கிளார்க். பெங்களூரில் இருக்கிற மகன் ஆறு மாசம் வெளிநாடு போகவேண்டி வந்ததால் தன் பாம்பை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். மாசம் இரண்டு வெள்ளெலி கொடுக்கணும் என்று எழுதியும் வைத்திருந்தான். இவர் வீட்டில் சுத்த சைவம். எலியை உள்ளே கொண்டுவர மனசு ஒப்பவில்லை. தினம் காலையில் பசும்பாலைக் காய்ச்சி, ஆற்றி, வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்திருக்கிறார். பாம்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். "சார், பாம்பு பால் குடிக்காது. நீங்க சைவம், அது சைவம் இல்ல" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல், மாசம் இரண்டு தடவை இங்கே கொண்டுவாருங்கள், எலியை நானே கொடுத்து அனுப்புகிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து வாசல் வரை போனார். திரும்பி வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அப்ப எங்க வீட்டம்மா முப்பது வருஷமா புத்துல ஊத்துன பாலெல்லாம் யாரு சார் குடிச்சது?"

நாலு பேர் பார்க்க

குறிஞ்சிப்பாடியில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிற ஒருவர், பாம்புத் தொட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். வளையல் வாங்க வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். கடையில் கூட்டம் ஜாஸ்தியானது. பாம்பு மூன்று மாசமாக ஒன்றும் தின்னவில்லை.

பாம்பு ஒளிந்துகொள்கிற பிராணி, அதற்கு இருட்டான ஒரு பெட்டியும் அடியில் சூடும் வேண்டும், இரண்டு வாரம் ஒருத்தரும் தொடக்கூடாது, சத்தமே ஆகாது, தொட்டியை மாடிக்குக் கொண்டுபோங்கள் என்றேன். அவர் முகம் தொங்கிப் போனது. "அதத் தனியாத்தான் வெக்கணும்னா, அப்பறம் நாங்க எதுக்கு சார் அத வாங்குனோம்?"

வாயைத் திறந்தேன்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். பாம்பு பார்க்க ஆரம்பித்து எனக்கு இரண்டாவது வருஷம். காடாம்புலியூரிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்தார். பாம்பு இரண்டு மாசமாகச் சாப்பிடவில்லை. மார்கழி மாசம், ஆண் பாம்பு, எடை குறையவில்லை. குளிர் போனால் தானாகச் சாப்பிட்டிருக்கும். அது எனக்கே அரைகுறையாகத் தெரியும். ஆனால் மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். ஒன்றும் பண்ணாமல் அனுப்பினால் என் மரியாதை என்ன ஆவது என்று ஒரு வீம்பு. வாயைத் திறந்து, ஒரு சின்ன எலியை இடுக்கியால் உள்ளே தள்ளினேன்.

மறுநாள் பாம்பைப் புதுத் துண்டு ஒன்றில் சுற்றி எடுத்துவந்தார். எலி பாதியில் எதுக்களித்து மூச்சுக்குழாயை அடைத்திருந்தது. சத்தம் போடுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று தயாராக நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நேத்து நீங்க ஒண்ணும் பண்ணாம அனுப்பியிருந்தா, வைத்தியம் தெரியாத ஆளுன்னு உங்களத் திட்டியிருப்பேன். அது உசுரோட இருந்திருக்கும் சார்."

பை வந்தது, ஆள் வரவில்லை

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம். லால்பேட்டை ஹாஜா பாய் சிதம்பரம் கிளினிக்குக்கு வந்தார். துணிக்கடை வைத்திருக்கிறவர், அறுபதைத் தாண்டியவர். கையில் ஜிப் வைத்த நீலத் துணிப்பை. அந்தப் பையை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் மகன் ஜாபர் இரண்டு வருஷமாக அதில்தான் தன் பாம்பைக் கொண்டுவருவான். ஷார்ஜாவில் இருந்துவிட்டு ஊரோடு வந்தவன், வாய் ஓயாமல் பேசுவான். பாம்புக்கு 'மாப்ள' என்று பெயர். "அடங்குடா மாப்ள, டாக்டர் பாக்கட்டும்" என்று அதோடும் பேசுவான். "ஜாபர் வரலையா பாய்?" என்று கேட்டேன்.

"மவுத்தாயிட்டான் டாக்டர். பைக்குல போறப்ப லாரி அடிச்சிடுச்சு. நாப்பது நாளாச்சு" என்றார். அவனுக்கு முப்பத்திரண்டு வயசுகூட ஆகவில்லை. ஹாஜா பாய் அழவில்லை. பையை மேஜைமேல் வைத்து, ஜிப்பைப் பாதி திறந்து, கையை வெளியே இழுத்துக்கொண்டார். மகன் இருந்தவரைக்கும் அந்தப் பாம்பு இருக்கிற அறைக்குள் கால் வைக்காதவர் அவர்.

நாற்பது நாளாக மாப்ள ஒன்றும் சாப்பிடவில்லையாம். என் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். தொட்டி அதேதானா, சூட்டு விரிப்பு வேலை செய்கிறதா, எலி அதே இடத்தில்தான் வாங்குகிறீர்களா, வீட்டில் ஏதாவது மாற்றினீர்களா. "ஒண்ணும் மாத்தல டாக்டர், ஆளுதான் இல்ல" என்றார். எடை போட்டேன். கடைசியாக ஜாபர் கொண்டுவந்தபோது ஆயிரத்து நானூற்று அறுபது கிராம், இப்போது ஆயிரத்து முன்னூற்று எண்பது. பயப்பட ஒன்றும் இல்லை, இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்றேன். அவர் பையை மூடாமல் நின்றார். "நெசமாச் சொல்லுங்க டாக்டர், அதுக்குத் தெரியுமா அவன் இல்லன்னு?"

இரண்டாவது எடை

இரண்டு வாரம் கழித்து ஆயிரத்து முன்னூற்றுப் பத்து. எனக்கும் இப்போது கவலை வந்துவிட்டது. ஹாஜா பாய் பாம்பைவிட அதிகமாக இளைத்திருந்தார். "வாயத் தொறந்து குடுத்துருங்க டாக்டர்" என்றார். மாட்டேன் என்றேன். கெஞ்சினார். காடாம்புலியூர்க் கதையை ஒளிக்காமல் சொன்னேன். கேட்டு முடித்ததும், இத்தனை நாள் சொல்லாததை அவர் சொன்னார்.

மருமகள் ரஹ்மத் சாப்பிடுவதில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. இப்போது இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்த பெண் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற காலம் அது. வெளி ஆண்கள் கண்ணில் படாமல் ஓர் அறைக்குள்தான் பெரும்பாலும் இருப்பாள். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் "மாப்ள சாப்ட்டுச்சா மாமா?" என்று கேட்கிறாளாம். இல்லை என்றால், "அது சாப்பிடட்டும், நான் அப்பறம் சாப்பிடறேன்" என்று நகர்த்திவிடுகிறாள். டீ, ஒரு ரஸ்க், எப்போதாவது ரெண்டு வாய்க் கஞ்சி. இரண்டு தடவை மயங்கி விழுந்து குளுக்கோஸ் ஏற்றியாகிவிட்டது. பொய் சொல்லிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். சொல்லிப் பார்த்தார்களாம். தொட்டியை எட்டிப் பார்த்து, எலி அப்படியே கிடப்பதைக் கண்டுவிட்டாளாம்.

நான் அதுவரை ஒரு பாம்பைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் மேஜைமேல் கிடந்தது ஒரு பெண்ணின் சாப்பாட்டுத் தட்டு என்று அப்போதுதான் புரிந்தது. ஹாஜா பாய் தன் மகனுக்காக அழாதவர், இப்போது மூக்கைத் துடைத்துக்கொண்டார். "புள்ளையக் குடுத்துட்டேன் டாக்டர். அவன் கையில புடிச்சிக் குடுத்த பொண்ணையும் குடுக்க முடியாது."

நடையில் ஒரு தொட்டி

திங்கட்கிழமையே கிளம்பி லால்பேட்டைக்குப் போனேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற பழக்கம் மாட்டு வைத்தியத்தோடு எனக்கு விட்டுப்போயிருந்தது. மழை பிடித்துக்கொண்டிருந்தது. பாம்பின் அறையைக் காட்டுங்கள் என்றதும் ஹாஜா பாய் தயங்கினார். கூட்டிக்கொண்டு போனது அறைக்கு அல்ல, கூடத்திலிருந்து கொல்லைக்குப் போகிற நடைக்கு. அங்கே சுவரோரம் தொட்டி. ஒருபக்கம் கொல்லைக் கதவு, திறந்து மூடும்போதெல்லாம் ஈரக்காற்று. இன்னொரு பக்கம் துக்கம் கேட்க வருகிற பெண்கள் செருப்பு விடுகிற இடம். சாம்பிராணிப் புகை வேறு. சூட்டு விரிப்பின் பிளக்கைப் பிடுங்கி அந்த இடத்தில் கிரைண்டரைச் செருகியிருந்தார்கள். வருகிற ஜனத்துக்கு மாவு அரைக்க வேண்டுமே. தொட்டிக்குள் கையை விட்டேன், தரை ஜில்லென்று இருந்தது. எனக்கு வந்ததே கோபம்! "ஒண்ணும் மாத்தலன்னு சொன்னீங்களே பாய்?" என்று கத்திவிட்டேன். துக்க வீடு என்பதே மறந்துவிட்டது.

உள்ளேயிருந்து ஓர் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். ஹாஜா பாயின் அக்கா. லாத்தா, லாத்தா என்றுதான் அவர் கூப்பிடுவார். தாயில்லாத ஜாபரை ரெண்டு வயசிலிருந்து தூக்கி வளர்த்தவர். "அவன ஏன் தம்பி ஏசுறீங்க? நான்தான் தூக்கி வெக்கச் சொன்னேன்" என்றார். இத்தா இருக்கிற அறையில் ஆம்பளை இருக்கக்கூடாது, அது பாம்பாக இருந்தாலும் ஆம்பளைதானே என்பது அவர் கணக்கு. "ஜீவராசிக்கெல்லாம் அப்படி ஒரு சட்டமே இல்லன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாரு லாத்தா" என்று ஹாஜா பாய் முணுமுணுத்தார்.

"ஹஜ்ரத் சொல்லிட்டுப் பள்ளிக்குப் போயிடுவாரு. வர்ற நாலு பொம்பளைங்க வாய யாரு மூடுறது? சின்னப் பொண்ணு. இனிமேதான் அவளுக்கு வாழ்க்கையே. 'மாப்ளன்னு ஒண்ண ரூமுக்குள்ள வெச்சிக்கிட்டு இத்தா இருந்தா'ன்னு ஒரு சொல்லு அவ மேல விழலாமா?" நானும் விடாமல், அது ஆண்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அந்தம்மா அலமாரியைத் திறந்து, ஜாபரின் பாம்புக்கு என் கிளினிக்கில் கொடுத்த கார்டை எடுத்துவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். "நீங்கதான தம்பி எழுதிக் குடுத்திருக்கீங்க, ஆண்னு?"

ஒரு மெல்லிய கம்பி

என் கையெழுத்துதான். கட்டத்தில் பாலினம் என்று போட்டு, எதிரே கொட்டையாக 'ஆண்'. எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. ஜாபர் முதல் தடவை கொண்டுவந்தபோது, விற்றவர் ஆண் என்று சொன்னதாகச் சொன்னான். பெயரும் மாப்ள. வெளியே நாலு நாய் காத்திருந்தது. நான் பரிசோதித்துப் பார்க்காமலே எழுதிவிட்டேன். பாம்பில் ஆண் பெண் வெளியே தெரியாது. வால் ஆரம்பிக்கிற இடத்தில் அடிப்பக்கம் இருக்கிற துவாரத்தில் எண்ணெய் தடவிய மெல்லிய கம்பியை மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். ஆழமாகப் போனால் ஆண், கொஞ்சத்தோடு நின்றுவிட்டால் பெண். இரண்டு நிமிஷ வேலை.

கூடத்தில் விளக்கைப் போடச் சொல்லி, பையிலிருந்து கம்பியை எடுத்தேன். ஹாஜா பாயைப் பாம்பின் தலைப்பக்கம் பிடிக்கச் சொன்னேன். வாழ்நாளில் முதல் தடவையாக அதைக் கையால் தொட்டார்; இதுவரை பைக்குள் தள்ளியதெல்லாம் குச்சியால்தான். கம்பி கொஞ்சத்தோடு நின்றுவிட்டது. இன்னொரு பக்கமும் பார்த்தேன். அங்கேயும் நின்றுவிட்டது. பெண்! நிமிர்ந்து அந்தம்மாவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நிமிஷம் மிச்சம் பிடிக்க நான் பொய்யாக எழுதிய ஒரு சொல், ஒரு பாம்பைக் குளிரிலும் ஒரு பெண்ணைப் பட்டினியிலும் போட்டிருக்கிறது. "தப்பு என் மேலதாம்மா. இது பொம்பளப் பாம்பு. பாக்காம எழுதிட்டேன், மன்னிச்சிக்குங்க" என்றேன்.

அந்தம்மா திட்டுவார் என்று நினைத்தேன். "அவன் போற வரைக்கும் இத மாப்ள மாப்ளன்னுதானே கொஞ்சுனான்" என்று ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கார்டை என்முன் வைத்து, ஹாஜா பாயின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவிக் கொடுத்தார். "வாயால சொன்னா பத்தாது தம்பி. அத அடிச்சிட்டு எழுதுங்க. வர்றவளுங்ககிட்ட நான் காட்டணும்."

திரைக்கு அந்தப்புறம்

தொட்டியை ஹாஜா பாயும் லாத்தாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அறைக்குள் கொண்டுபோனார்கள். நான் வாசலில் திரைக்கு வெளியே நின்று, எந்த மூலையில் வைக்க வேண்டும், விரிப்பை எந்தப் பிளக்கில் செருக வேண்டும் என்று குரல் கொடுத்தேன். எல்லாம் முடிந்ததும், "அம்மா ரஹ்மத், ஒரு வார்த்தை" என்றேன். "இந்தப் பாம்பு இன்னும் ரெண்டு மூணு மாசம்கூடப் பட்டினி தாங்கும். நீங்க தாங்க மாட்டீங்க. அதுக்கும் உங்களுக்கும் எதுக்கும்மா போட்டி?"

திரைக்குள்ளிருந்து பதில் வந்தது. குரல் ரொம்ப மெல்லிசாக இருந்தது. "போட்டியெல்லாம் இல்ல டாக்டர். மூணு நாளு அடுப்பு எரியல. அப்பறம் எல்லாரும் சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. தப்பில்ல, சாப்பிடத்தான வேணும். இது ஒண்ணுதான் அவுங்களுக்காக இன்னும் சாப்பிடாம இருக்குதுன்னு நெனச்சேன். அத எப்படித் தனியா விடுறது?" நல்லதாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த வீட்டில் நான் ஏற்கெனவே ஒரு பொய் எழுதிவிட்டேன். "அது துக்கத்துல பட்டினி கெடக்கலம்மா. அந்த நடையில அதுக்குக் குளிருது, அவ்வளவுதான். சூடும் அமைதியும் இருந்தா சாப்பிடும். தினம் பக்கத்துல இருந்து பாத்துக்க ஒரு ஆளு வேணும். மயங்கி விழுற ஆளு ஆகாது" என்றேன்.

அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்தேன். பிறகு அவளாகவே பேசினாள். மாப்ள வெளிச்சத்தில் சாப்பிடாது. அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்கு அப்புறம் ஜாபர் லைட்டை அணைத்துவிட்டு, எலியை வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, இடுக்கியில் பிடித்துக் காட்டுவான். பாம்பு கவ்வியதும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான், பார்த்தால் துப்பிவிடும். வெந்நீர் வைத்துக் கொடுத்தது எப்போதும் ரஹ்மத். மாமாவோ பட்டப்பகலில் ஜில்லென்ற எலியைத் தூக்கிப் போட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்க்கிறார். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "இத ஏம்மா இத்தன நாளு சொல்லல?" என்றேன். "எங்கிட்ட 'சாப்பிடு, சாப்பிடு'ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க டாக்டர். யாரும் ஒண்ணும் கேக்கலையே."

மூன்றாவது இட்லி

அடுத்த பதினோரு நாள் நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானாகக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் "இல்லை" என்று வந்துவிடுமோ என்று பயம். பன்னிரண்டாம் நாள் ஹாஜா பாயிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். கடலூர் கிளினிக்கில் ஒரு நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவன், அப்படியே விட்டுவிட்டுக் கேட்டேன். "டாக்டர், மாப்ள இன்னும் சாப்பிடல. எலிய மோந்து பாத்துட்டு உள்ள போயிடுச்சு. ஆனா நேத்து மருமகதான் எந்திரிச்சி வெந்நி வெச்சுது. வெச்சிட்டு நிக்க முடியாம உக்காந்துகிட்டு, ரெண்டு இட்லி குடுங்க மாமான்னுச்சு. குடுத்தேன். மூணாவதா ஒண்ணு கேட்டுச்சு டாக்டர்." மெசேஜ் அதோடு நின்றது. நாய்க்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்து பட்டுவிட்டது என்றேன்.

பாம்பு அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்து, இருட்டில், யாரும் பார்க்காதபோது சாப்பிட்டது. அந்தச் செய்தி சுருக்கமாக வந்தது. "மாப்ளயும் சாப்ட்டுச்சு டாக்டர். பொம்பளையா இருந்தா பேர மாத்தணுமான்னு லாத்தா கேக்குது, மருமக மாத்தக்கூடாதுங்குது."

கார்டு

தை மாசக் கடைசியில், இத்தா முடிந்து பத்து நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை லாத்தாவோடு ரஹ்மத் சிதம்பரம் கிளினிக்குக்கு வந்தாள். அதுவரை எனக்கு அவள் ஒரு குரல் மட்டும்தான். நீலப்பையை அவள்தான் தூக்கி வந்தாள். மேஜைமேல் வைத்து, ஜிப்பைத் திறந்து, பாம்பை இரண்டு கையாலும் அள்ளித் தராசில் விட்டாள். ஆயிரத்து நானூற்று முப்பது. ஜாபர் விட்டுப்போன எடைக்கு முப்பது கிராம் பாக்கி. கார்டில் எழுதினேன். அடித்து எழுதிய என் தப்பு அங்கே அப்படியே இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் ஜாபர் பெயர். அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை, அவளும் அடிக்கச் சொல்லவில்லை. பக்கத்திலேயே ரஹ்மத் என்று எழுதினேன்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். லாத்தாதான், "இப்பல்லாம் நாம தின்னாட்டி அவ நம்மள ஏசுறா தம்பி" என்றார். வெளியே அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி, காலையிலிருந்து நான் எழுந்திருக்கவே இல்லை. அவர்கள் கிளம்பினார்கள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். ரஹ்மத் வாசற்படியில் நின்று திரும்பி, மேஜை ஓரத்தில் காலையில் வைத்தபடியே இருந்த என் டிபன் கேரியரைப் பார்த்தாள். "மணி மூணாச்சு. நீங்க சாப்ட்டீங்களா டாக்டர்?"

பாம்பு ஏன் சாப்பிடவில்லை என்று ஆராய்வதற்கு முன்னால் அந்த வீட்டில் வேறு யார் சாப்பிடவில்லை என்று கேட்டுவிட வேண்டும் என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் படித்த வைத்தியம், அதற்கு மட்டும் என் கார்டில் இன்னும் ஒரு கட்டம் அச்சடித்தபாடில்லை.